சித்திரை சீசன்: இந்த முறையாவது வீட்டைக் கொஞ்சம் இலேசாக்க முடியுமா?

கொழுந்துக்கூடை (தலவாக்கலை), மார்ச் 8, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையகத்தில் ஏப்ரல் எப்படி வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தையிலிருந்து பங்குனி வரை பகலில் வெயில், இரவில் பனி என்று அடங்கிக் கிடக்கிற தேயிலை, பின்னேர இடிமழை இரண்டு விழுந்ததும் பொங்கிவிடும். அதே கிழமைகளில்தான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. அதற்குள்ளேயே சித்திரைப் புத்தாண்டு. கொழும்பிலிருந்து தம்பி, தங்கச்சி குடும்பங்கள் வந்து இறங்கும். என் வீட்டுக்காரர் நுவரெலியாவில் ஓட்டோ ஓட்டுகிறார். வருஷத்தில் நல்ல காசு பார்க்கிற மாதம் அவருக்கு இது ஒன்றுதான். கிரகரி வாவிப் பக்கம் இரவு பத்து மணிக்கும் சவாரி இருக்கும். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா இன்னும் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறார்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். புத்தாண்டுக்கு முந்திய இரண்டு இரவும் அம்மா அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக் கழற்றின கையோடு அடுப்படிக்குப் போனார். முறுக்கு, அதிரசம், பயத்தம் உருண்டை. வருகிறவர்களுக்கு மூன்று வகையாவது இருக்க வேண்டும் என்று சொன்னது நான்தான். இரண்டாவது இரவு படுக்கும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. விடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அம்மாவைக் காணவில்லை என்று பின்னால் போய்ப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் பலகாரத் தட்டு. நகக்கண்ணில் மா காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே, பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் வெடித்த கோடுகளுக்குள் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கொழுந்துக் கறை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு எழுப்பினேன். ஆட்கள் வந்திருக்கிறார்களே என்று எழுப்பினேன். அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

அந்தப் பலகாரத்தில் பாதி பிஸ்கட் டின்னுக்குள் இருந்து வைகாசி முடிவில் சிக்கு வாடையோடு வெளியே வந்தது. அந்த மாதச் செலவுக்கு அடகு வைத்த சங்கிலி புரட்டாசியில்தான் மீண்டது.

இந்த வருஷம் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடைசிக் கிழமையில் அதற்கு மூளை வேலை செய்யாது. உங்கள் வீடுகளில் யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? எதை விட்டீர்கள்? யார் கோபித்துக்கொண்டார்கள்?

ஊவாக் காற்று (வெலிமடை), மார்ச் 8, இரவு 10.25

டீச்சர், படித்ததும் என் அம்மா ஞாபகம்தான் வந்தது.

எங்கள் வீடு சிங்களக் கிராமத்தோடு ஒட்டி இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மே ஒவ்வொரு வருஷமும் நொனகத பார்ப்பார். சூரியன் மீனத்திலிருந்து மேஷத்துக்குப் போகிற நேரம், 12 மணித்தியாலம் 48 நிமிஷம். அந்த நேரம் அடுப்பு எரியக்கூடாது, வேலை எதுவும் தொடக்கூடாது. பன்சலைக்கு, அதாவது விகாரைக்குப் போவார், வந்து வாசலில் உட்காருவார், பிள்ளைகள் பல்லாங்குழி விளையாடுவார்கள். சின்ன வயதில் நான் அந்த வாசலில்தான் இருப்பேன். எங்கள் வீட்டில் அதே நேரம் அம்மா கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்பார்.

நமக்கும் விஷு புண்ணியகாலம் இருக்கிறதே. வருஷம் பிறக்கிற நேரத்துக்கு முன் நான்கு மணித்தியாலம், பின் நான்கு மணித்தியாலம். மூலிகை போட்டுக் காய்ச்சின மருத்துநீர் வைத்து முழுகு, கோயிலுக்குப் போ என்று பஞ்சாங்கமே சொல்கிறது. கல்யாணமாகி வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்: புண்ணியகாலம் தொடங்குவதற்கு முன் சமைத்து முடித்தது முடித்ததுதான். அந்த எட்டு மணித்தியாலமும் அடுப்பில் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி மட்டும் வைக்கலாம். வருகிறவர்களுக்கு இருப்பதைக் கொடுப்போம். மாமியாருக்கு முதல் வருஷம் பிடிக்கவில்லை. இரண்டாம் வருஷம் அவர்தான் முதலில் பாயை விரித்தார்.

லயத்து மகன் (ஊர் பொகவந்தலாவை, வேலை புறக்கோட்டை), மார்ச் 9, காலை 6.10

அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியது உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எளிமை, எளிமை என்று நாம் பேசத் தொடங்கினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில். அதில் ஏழு பேர். ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை காத்திருந்தோம், 1350 ஆனது 2024இல். இந்தச் சனத்துக்குச் சிக்கனத்தை யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? என் அம்மா வருஷம் முழுக்க ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் சாப்பிட்டார். பெருநாள் அன்றைக்கு மட்டும்தான் அவர் கையால் நாலு பேருக்கு அள்ளிக் கொடுப்பார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதையும் குறை என்று சொன்னால் மிச்சம் என்ன இருக்கிறது?

நான் கொழும்பு பெஸ்டியன் மாவத்தையில் பஸ்ஸுக்கு நாலு மணித்தியாலம் வரிசையில் நிற்பதே இரண்டு கையிலும் பையோடு அந்த லயத்து வாசலில் இறங்கத்தான். இல்லாமைக்கு எளிமை என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

கொழுந்துக்கூடை, மார்ச் 9, பகல் 1.50

தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். சரியாகத்தான் சொல்கிறீர்கள். அள்ளிக் கொடுக்கிற அந்த முகத்தை எனக்கும் தெரியும். ஆனால் போன வருஷம் என் அம்மா அள்ளிக் கொடுக்கவில்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கொடுத்தது நான். பேர் எனக்கு வந்தது.

என் கேள்வி அதுதான். பெருநாளைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

பிரட்டுக்களம் (மஸ்கெலியா), மார்ச் 9, மாலை 5.30

38 வருஷம் மலையில் நின்றவள். இப்போது வீட்டில் இருக்கிறேன். மகள் போனில் தட்டித் தருகிறாள், நான் சொல்கிறேன்.

டீச்சர் பிள்ளை, ஒரு விஷயத்தில் கவனமாக இரு. பாசத்தில் “அம்மா, சித்திரையில மலைக்குப் போகாதீங்க” என்று சொல்லிவிடாதே. மாசியில் ஒரு நாள் முழுக்க நின்றாலும் பேருக்குரிய கிலோ, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு எடுக்க வேண்டிய அளவு வராது, அரைப்பேர் என்று அரை நாள் சம்பளம் போட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே எடுப்போம். சித்திரையில் மழை விழுந்ததும் கை வைத்த இடமெல்லாம் கொழுந்து. பகல் நிறுவைக்கே பேர் நிறைந்துவிடும், அதற்கு மேல் எடுப்பதெல்லாம் ஓவர் கிலோ. அந்தக் காசு எங்கள் கை வேகத்துக்குக் கிடைக்கிற காசு. அதில் ஒரு பெருமை இருக்கிறது. ஏழு நாளைக்கு ஒரு தரம் அந்த மலைக்குத் திரும்பாவிட்டால் இலை முத்திவிடும், பிறகு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் எடுக்கமாட்டார்கள். கொழுந்து நமக்காகக் காத்திருக்காது.

அதனால் மலையில் குறைக்க முடியாது. வீட்டில்தான் குறைக்க வேண்டும். வீட்டில் யார் வேலை அது? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும் கான் வெட்டவும் போகிற ஆம்பிளைகள் கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நாங்கள் அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது ஐந்தரை, ஆறு. அட்டைக் கடியில் இரத்தம் காயாத காலோடு வந்து அடுப்பை ஊதுவோம். இரண்டு மணிக்கு வந்த மனுஷன் “தேத்தண்ணி இல்லையா” என்று கேட்பார். நான் 38 வருஷமும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, ஊற்றித்தான் கொடுத்தேன். என் மருமகனிடம் முதல் மாதமே சொல்லிவிட்டேன்: “யார் முதல்ல வீட்டுக்கு வாறாங்களோ அவங்கதான் அடுப்பு மூட்டணும்.” இன்றைக்கு வரை மூட்டுகிறார், நல்ல பிள்ளை. கொள்ளி விறகு ஈரமாக இருந்தாலும் சளைக்கமாட்டார்.

பலகாரம் மூன்றா, ஒன்றா என்பது அதற்குப் பிறகு பேச வேண்டிய விஷயம்.

ஊசிநூல் (அட்டன்), மார்ச் 9, இரவு 8.15

அம்மா சொன்னதற்குக் கைகூப்புகிறேன்.

நான் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் 13ஆம் திகதி இரவு வரை சட்டை பிடித்துக்கொண்டிருப்பேன். சொந்தப் பிள்ளைக்குத் தைக்க நேரம் இல்லாமல் கடையில் வாங்கிப் போட்ட வருஷம் உண்டு. அந்தச் சட்டையில் கழுத்து வெட்டு கோணல், நாள் முழுக்கப் பிள்ளை அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷத்திலிருந்து மார்ச் 25உடன் ஓடர் எடுப்பதை நிறுத்திவிட்டேன். கதவில் எழுதி ஒட்டிவிடுவேன். கொஞ்சப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், அது உண்மை. மிச்சப் பேர் மாசியிலேயே துணியோடு வந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்குத் தைக்கும்போது கீழே மூன்று அங்குலம் மடிப்பு விடச் சொல்லுங்கள். தீபாவளிக்கு அதையே இறக்கிவிடலாம்.

கந்தப்பளைத் தோட்டக்காரன், மார்ச் 10, காலை 5.05

நான் மரக்கறிக்காரன். எங்களுக்கும் இதே கிழமையில்தான் எல்லாம். புத்தாண்டுக்கு முன் விலை ஏறும், லொறி வரிசையில் நிற்கும், ஆள் கிடைக்காது. பத்து வருஷம் சித்திரை ஒன்றாம் திகதியை நான் போஞ்சிப் பாத்தியில்தான் கழித்தேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். போஞ்சி இரண்டு நாள் தாமதித்தால் முற்றி நார் விழுந்துவிடும். லீக்ஸும் கரட்டும் அப்படியில்லை, மண்ணுக்குள்ளே ஒரு கிழமை பொறுத்திருக்கும். போஞ்சி நட்டு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடப் போனால் காய்க்கு வந்துவிடும். அப்போ தைக் கடைசியில் நான் போஞ்சி விதை ஊன்றினால், சித்திரையில் எனக்கு லீவு இல்லை என்று அன்றைக்கே நானே எழுதிக்கொடுத்த மாதிரி. இப்போது தை பிறந்ததும் ஒரு தாளில் சித்திரைக் கிழமையை முதலில் வரைந்துவிடுவேன். அந்தக் கிழமையில் கேட்காமல் இருக்கிற பயிர் எதுவோ, அதைத்தான் போடுவேன். போஞ்சி விலை உச்சத்துக்குப் போன வருஷங்களில் மனது கொஞ்சம் அடித்துக்கொள்ளும். ஆனால் நாலு நாள் வீட்டில் இருக்கிறேன். மகன் என்னோடு சைக்கிள் பழகினது அப்படி ஒரு சித்திரையில்தான்.

டீச்சருக்கு என்ன சொல்ல வருகிறேன் என்றால், மார்ச்சில் கேட்கிறீர்கள், நல்லதுதான். அடுத்த வருஷம் தைப்பொங்கல் முடிந்ததும் கேளுங்கள்.

வெள்ளைத்துணி (நுவரெலியா), மார்ச் 10, இரவு 11.30

இப்போதுதான் வேலை முடிந்தது. நான் ஒரு தங்குமிடத்தில் அறை சுத்தம் செய்கிறேன். ஏப்ரல் முழுக்க எங்களுக்கு லீவு கிடையாது. வெளியூர்ச் சனம் குளிரைத் தேடி வரும், விக்டோரியா பூங்காவைச் சுற்றி வாகனம் அசையாது. ஒரு நாளைக்குப் பதினெட்டு கட்டில் விரிப்பு மாற்றுவேன். பகல் ஒரு மணிக்கெல்லாம் மழை இருட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்குள் கொடியில் காயாத விரிப்பை அடுப்புப் பக்கம் பிடித்துப் பிடித்துக் காயவைப்போம்.

14ஆம் திகதி என்னால் வீட்டில் இருக்க முடியாது. அழுது பார்த்துவிட்டேன், கேட்டுப் பார்த்துவிட்டேன். நாலு வருஷமாக எங்கள் வீட்டுப் புத்தாண்டு சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் பிள்ளைகள் புதுச்சட்டை போடுவார்கள், அன்றைக்குத்தான் கைவிசேஷம். வெற்றிலையில் சுற்றி ஆளுக்கு ஐந்து ரூபாய்க் குற்றி. சொந்தக்காரர்கள் முதலில் “இது என்ன புது வழக்கம்” என்றார்கள். நாத்தனார் ஒரு வருஷம் வரவேயில்லை. இப்போது அவள்தான் “உங்க வீட்டுக்கு அந்த ஞாயிறு வாறோம், 14ஆம் திகதி ஓடுற ஓட்டத்துல எங்கயும் நிம்மதியா இருக்க முடியல” என்கிறாள்.

14ஆம் திகதி காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு வேலை மட்டும் செய்வேன். மருத்துநீர் போத்தலை முதல் நாளே கோயிலில் வாங்கிவைத்து, நாலு மணிக்கு எழும்பி, தூங்குகிற பிள்ளைகளின் தலையில் மூன்று துளி வைத்துவிட்டுப் போவேன். அந்த மணம் நாள் முழுக்க விரலில் இருக்கும்.

பழைய வாத்தியார் (இராகலை), மார்ச் 11, காலை 7.20

அனைவர் எழுதியதையும் படித்தேன். கடனைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை, அதனால் நான்.

பிள்ளைகளே, சம்பளச் சீட்டை ஒரு தரம் மேலிருந்து கீழே வாசியுங்கள். சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8. அது நம் பிற்காலத்துக்கு, போகட்டும். பிறகு சங்கச் சந்தா, கோயில் பணம், தீபாவளி முற்பணத்தின் தவணை. போன பெருநாளின் கடன் முடியும்போது அடுத்த பெருநாள் வாசலில் நிற்கும். இதற்கு மேல் கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வருகிற குழுக் கடன். ஓவர் கிலோ காசு முழுதும் அங்கே போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தம்பி “லயத்து மகன்” சொன்ன மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை கடன்காரன் வரும்போது பின்கதவால் போகிற அம்மாவின் மானமும் மானம்தானே.

திருவிழாவைப் பற்றியும் ஒன்று. நான் கோயில் கமிட்டியில் இருந்த காலத்தில் செலவைக் குறைக்க வேண்டும் என்று வெளியிலிருந்து வருகிற இசைக்குழுவை நிறுத்தினோம். அன்னதானத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். முதல் வருஷம் திருவிழா சோர்ந்துபோனது. இளைஞர்கள் இரவு எட்டு மணிக்கே கலைந்துவிட்டார்கள், என் முகத்துக்கு நேரேயே குறை சொன்னார்கள். நான் வெறுமனே கழித்துவிட்டேன், அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. அது என் பிழை. அடுத்த வருஷம் எங்கள் தோட்டத்திலேயே தப்பு அடிக்கிற மூன்று பெரியவர்களைக் கூப்பிட்டு மாசி முழுக்கப் பையன்களுக்குப் பழக்கச் சொன்னோம். கரகம் இறங்கி வந்த இரவு அந்தப் பையன்கள் அடித்த அடியில் லயமே எழுந்து நின்றது. செலவு, தோல் காய்ச்ச விறகும் பெரியவர்களுக்கு வேட்டி துண்டும்.

லயத்து மகன், மார்ச் 12, இரவு 9.55

வாத்தியார் ஐயா, பின்கதவு என்று எழுதினீர்கள். என் அம்மாவும் அப்படிப் போயிருக்கிறார். நான் அதை எழுதவில்லை.

நேற்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். “இந்த முறை என்ன கொண்டுவர?” என்று வழக்கமாகக் கேட்பேன். “ஒண்ணும் வேணாய்யா” என்பார், நான் நாலு பை தூக்கிக்கொண்டு போவேன். இந்த முறை அப்படிக் கேட்காமல், “சித்திரைக்கு என்ன நடந்தா உங்களுக்கு நல்லா இருக்கும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதாக நினைத்தேன். அப்புறம் சொன்னார்: “மழைக்கு முந்தி அந்த மூலைத் தகரத்த மாத்திக் குடு. ஒழுகுற தண்ணிக்குச் சட்டி வச்சு வச்சு ராவுல எழும்ப ஏலல.” எத்தனை வருஷமாக ஒழுகுகிறது என்று கேட்டேன். இரண்டு வருஷமாம். நான் அந்த இரண்டு வருஷமும் பிஸ்கட் பெட்டியும் நைலக்ஸ் சேலையும் கொண்டுபோயிருக்கிறேன்.

கடையில் என்னோடு நிற்கிற முஸ்லிம் நானாவிடம் பேசினேன். அவருடைய பெருநாளுக்கு நான் இரண்டு நாள் சேர்த்து நின்று கொடுப்பதாகவும், என் சித்திரைக்கு அவர் நிற்பதாகவும் ஒத்துக்கொண்டோம். முதலாளியும் சரி என்றுவிட்டார். 10ஆம் திகதியே ஏறுகிறேன். தகரமும் ஆணியும் பொகவந்தலாவை டவுனிலேயே வாங்கலாம். ஒரு சேலையும் வாங்குவேன் அக்கா, அதை விடமாட்டேன்.

கொழுந்துக்கூடை, மார்ச் 12, இரவு 10.20

சேலையை விடவே விடாதீர்கள் தம்பி!

பிரட்டுக்களம், மார்ச் 13, காலை 6.00

தகரம் மாத்தும்போது கீழே இருக்கிற மரத்தையும் தட்டிப் பார்க்கச் சொல்லு. உக்கியிருந்தால் ஆணி நிற்காது.

கொழுந்துக்கூடை, மார்ச் 16, இரவு 8.45

நேற்று சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். அம்மாவிடம், தம்பி கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். பலகாரத்தைப் பற்றித்தான் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். “ஒரு நாளைக்காவது சுடுதண்ணியில ஆற அமர முழுகணும்” என்றார். அவ்வளவுதான் கேட்டார். எங்கள் வீட்டில் வருகிறவர்கள் எல்லாரும் முழுகி முடித்த பிறகு, மிச்சத்தில் பச்சைத் தண்ணி கலந்து ஊற்றிக்கொள்வது அம்மாதான். இத்தனை வருஷமும் அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

முடிவானவை: பலகாரம் ஒன்று, அதிரசம். அதை அம்மாதான் சுடுவார், அவர் கை அதில்தான் ஓடும். ஆனால் பச்சரிசி ஊறவைப்பது, இடிப்பது, பாகுக்குச் சக்கரை தட்டுவது நானும் மகனும். கொழும்புக்காரர்களுக்கு வட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன்: ஆளுக்கு ஒரு கறி சமைத்து எடுத்து வாருங்கள், இங்கே சோறும் பருப்பும் இருக்கும். தங்கச்சி உடனே சரி என்றாள். தம்பி மனைவி இன்னும் பதில் போடவில்லை. சங்கிலி கழுத்திலேயே இருக்கும். திருவிழாப் பணம் முழுதாகக் கட்டுகிறோம், அதில் கைவைக்க மனம் வரவில்லை.

வீட்டுக்காரர் 13ஆம் திகதி இரவு எட்டு மணியோடு ஓட்டோவை நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இரவு சவாரிக் காசு பெரிய காசு, அவருக்கு லேசான முடிவு இல்லை. மறுநாள் விடிய நாலு மணிக்கு எழும்பி பெரிய அண்டாவில் தண்ணி வைப்பது அவர் பொறுப்பு. இன்றைக்கே போய் இரண்டு கட்டு விறகு எடுத்து வந்து அடுப்புக்கு மேல் பரணில் காயப்போட்டிருக்கிறார். முதல் அண்டா அம்மாவுக்கு.